சொல் விளங்கின் கணக்கு விளங்கும்

(தமிழ்வழிக் கல்வி குறித்து ஆசிரியரும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஐந்தாம் வகுப்புவரை விரல்விட்டும் வாய்விட்டும் மகிழ்ச்சியோடு கணக்குப் போட்ட பிள்ளை, ஒன்பதாம் வகுப்பிற்கு வந்ததும் கணக்குப் பொத்தகத்தைக் கண்டு ஒதுங்குவது ஏன்? ஒவ்வொரு வீட்டிலும் எழும் வினா இது. "அவனுக்குக் கணக்கு வராது" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அது விடையன்று; வினாவினின்று தப்பித்துக் கொள்ளும் வழி. மட்டைப்பந்து ஆட்டத்தில் எஞ்சிய பந்துகளுக்கு எத்தனை ஓட்டம் வேண்டும் என்பதை அதே பிள்ளை நொடியில் சொல்லிவிடுகின்றான். தாயோடு சந்தைக்குச் சென்று காய் விற்கும் மகள், எடையும் விலையும் மீதியும் தாளின்றியே கணித்துத் தருகின்றாள். அறிவு அங்கு இருக்கின்றது. வகுப்பறைக்குள் நுழைந்ததும் அது மறைந்து விடுகின்றது. அப்படியாயின் குறை பிள்ளையிடத்து இல்லை. வகுப்பறைக்கும் பிள்ளைக்கும் இடையே ஏதோ ஒரு சுவர் எழுப்பப்பட்டுள்ளது. அச்சுவரின் கற்கள் எவை, அவற்றை எவ்வாறு பெயர்ப்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

வாழ்வார்க்குக் கண்கள் இரண்டு. எண் ஒன்று, எழுத்து மற்றொன்று என்று வகுத்தவர் வள்ளுவர். எழுத்தாகிய கண்ணைக் காக்கத் தமிழர் போராடியிருக்கின்றனர்; சிறை சென்றிருக்கின்றனர்; உயிரும் ஈந்திருக்கின்றனர். எண்ணாகிய கண்ணைப் பற்றி அத்துணைக் கவலை கொண்டனரா? ஒரு கண்ணை மட்டும் காத்துக்கொண்டு மற்றொன்றைப் பிறர் பொறுப்பில் விட்டுவிடலாகுமா?

பொருளறியாச் சொல்

சுவரின் முதற்கல், பொருள் விளங்காத சொல். செங்கோண முக்கோணத்தின் மிக நீண்ட பக்கத்திற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் "கர்ணம்" என்னும் பெயர் வழங்கி வருகின்றது. வடமொழியில் காது என்பதே அச்சொல்லின் முதற்பொருள். காதுக்கும் முக்கோணத்திற்கும் உள்ள உறவைப் பிள்ளை எங்ஙனம் அறியும்? அறியாது, உருப்போடும். ஈழத்துத் தமிழர் அதனைச் "செம்பக்கம்" என்பர். செங்கோணத்திற்கு எதிர்ப்பட்ட பக்கம் செம்பக்கம். சொல்லைக் கேட்ட அளவிலேயே எந்தப் பக்கம் என்பது கண்முன் நிற்கின்றது.

வட்டத்தைப் பாருங்கள். பரிதியின் ஒரு பகுதிக்கு வில் என்று பெயர். அதன் இரு முனைகளை இணைக்கும் கோட்டிற்கு நாண் என்று பெயர். ஈர்க்கை வளைத்து நூல் கட்டி விளையாடிய சிறுவனுக்கு இவ்விரு சொற்களையும் யார் விளக்க வேண்டும்? வட்டத்தைத் தொட்டுச் செல்வது தொடுகோடு. வெட்டிச் செல்வது வெட்டுக்கோடு. தன்னாலும் ஒன்றாலும் அன்றிப் பிறவற்றால் பகுபடாதது பகா எண். மாறுவது மாறி, மாறாதது மாறிலி. நிகழ்வதற்குரிய தகவு நிகழ்தகவு. இவை வெறும் பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு வரையறை. சொல்லே பாடத்தின் பாதியை நடத்தி விடுகின்றது.

ஆயினும் இவ்விடத்தில் தமிழியக்கத்தாரும் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளல் வேண்டும். தூய தமிழ்ச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் கணக்கு விளங்கிவிடும் என்று எண்ணுதல் பிழை. விளக்கப்படாத தமிழ்ச்சொல்லும் பிள்ளைக்கு அயற்சொல்லே. "கெழு" என்று எழுதி அடிக்கோடிட்டுச் செல்லும் ஆசிரியர் தமிழுக்குத் தொண்டு செய்தவராகார். கெழுமுதல் என்பது நெருங்கிச் சேர்தல். எழுத்தோடு சேர்ந்து நிற்கும் எண் ஆதலின் அது கெழு என்று ஒரு நொடி நின்று சொல்பவரே தமிழுக்கும் கணக்குக்கும் ஒருங்கே தொண்டு செய்தவர். தூய்மை சொல்லுக்குப் பெருமை தரும். விளக்கமே அதற்கு உயிர் தரும்.

பெயரிலேயே கணக்கு

பழந்தமிழர் கீழ்வாய் எண்களுக்கு இட்ட பெயர்களை நோக்குக. காலில் அரை அரைக்கால், எட்டில் ஒன்று. இங்குப் பெயரே பெருக்கலாக இருக்கின்றது. மூன்று கால் முக்கால். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. இரண்டும் சேர்ந்தது மாகாணி. எண்பதில் நான்கும் எண்பதில் ஒன்றும் கூட எண்பதில் ஐந்து. அஃதாவது பதினாறில் ஒன்று. இங்குப் பெயரே கூட்டலாக இருக்கின்றது. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால்.

இதனைப் பழம்பெருமையாக மட்டும் ஓதிவிட்டுச் சென்றால் பயனில்லை. வகுப்பில் வினாவாக வைத்தல் வேண்டும். "முன்னோர் 320 என்னும் எண்ணை ஏன் தேர்ந்தனர்? மூன்றில் ஒன்றை முந்திரியால் அளக்க இயலுமா?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் வாளா நிற்கட்டும். பிள்ளைகள் 320 ஐ மூன்றால் வகுப்பர். 106 வந்து இரண்டு மிஞ்சும். ஏழால் வகுப்பர், அதுவும் மிஞ்சும். ஐந்தால், எட்டால், பதினாறால், இருபதால் வகுப்பர், மிச்சமின்றி வகுபடும். 320 என்பது ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும் பெருகி வந்தது என்பதை அவர்களே கண்டுபிடிப்பர். பகா எண்களாகப் பிரித்தல் என்னும் பாடம் அன்று அவர்களுக்குத் தாமே கண்ட உண்மையாகிவிடும். தானே கண்டதை எந்தப் பிள்ளையும் வெறுப்பதில்லை.

மற்றொன்றையும் நோக்குக. தமிழில் "மூன்றில் ஒன்று", "ஐந்தில் இரண்டு" என்கின்றோம். முழுமையை எத்தனை கூறாக்கினோம் என்பது முதலில் வருகின்றது. அவற்றுள் எத்தனை எடுத்தோம் என்பது பின்னர் வருகின்றது. செய்கையின் வரிசையே சொல்லின் வரிசை. இவ்வழகைச் சுட்டிக்காட்டாமல் "ஒன்று பை மூன்று" என்று ஒலித்துப் பழக்குவது, கையில் விளக்கை வைத்துக்கொண்டு இருட்டில் தடவுவதாகும்.

கையால் கண்ட வட்டம்

சுவரின் இரண்டாம் கல், கரணியம் சொல்லப்படாத வாய்பாடு. "வட்டத்தின் பரப்பு இது, எழுதிக்கொள், தேர்வில் வரும்" என்பது கல்வியன்று, கட்டளை. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம், வட்டத்தின் பரப்பைக் காண அரைச்சுற்றை அரைவிட்டத்தால் பெருக்குமாறு கூறுகின்றது. இஃது ஏன் மெய்யாயிற்று? ஒரு தாளில் வட்டம் வரைந்து வெட்டி, நடுவிலிருந்து பதினாறு சம கூறுகளாக்கி, ஒரு கூறு மேல்நோக்கவும் அடுத்தது கீழ்நோக்கவும் மாற்றி மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். வட்டம் மறையும், ஏறத்தாழ ஒரு நீள்சதுரம் தோன்றும். அதன் நீளம் சுற்றில் பாதி. உயரம் விட்டத்தில் பாதி. விட்டம் 14 விரற்கடையாயின் சுற்று ஏறத்தாழ 44, பாதி 22, அரைவிட்டம் 7, பரப்பு 154. கூறுகளை முப்பத்திரண்டாக்கினால் வடிவம் இன்னும் நேராகும். "இன்னும் சிறிதாக்கிக்கொண்டே போனால்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அக்கேள்வியே உயர்கணக்கின் வாயில். ஒரு கத்தரியும் ஒரு தாளும் செய்யும் இப்பணியை ஓராண்டு நெட்டுரு செய்யாது.

பெண்பிள்ளைகள் நாடோறும் வாயிலில் இடும் கோலத்தையும் கணக்கு வகுப்பிற்குள் அழைத்து வரலாம். நேர்ப்புள்ளியாக ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஏறிப் பின் ஐந்து, மூன்று, ஒன்று என்று இறங்கும் கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி? இருபத்தைந்து. ஏறுவரிசை நான்கும் சேர்ந்து பதினாறு. அது நான்கின் இருபடி. இறங்குவரிசை மூன்றும் சேர்ந்து ஒன்பது; அது மூன்றின் இருபடி. ஒற்றை எண்களை முதலிலிருந்து கூட்டினால் எப்பொழுதும் இருபடி எண்ணே வருமா? வருமெனில் ஏன்? பத்தாம் வகுப்பின் கூட்டுத்தொடர் இங்கிருந்து தொடங்கட்டும். தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிப்டு சிரோமணியும் அவர்தம் குழுவினரும் 1970 களில் கோலங்களைக் கணினிக் கணக்கியலின் ஆய்வுப்பொருளாக்கி உலக அறிஞர்முன் வைத்தனர். வாயிற்படியில் கிடந்த கணக்கை உலகம் அறிந்தது. உள்ளூர் வகுப்பறை அறியவில்லை.

பெருமையையும் கணித்துப் பார்க்க வேண்டும்

போதையனார் பாடல் என்று ஒரு வாய்பாடு தமிழ் மேடைகளில் அடிக்கடி முழங்கப்படுகின்றது. செங்கோண முக்கோணத்தில் நெடும்பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றை நீக்கி, எஞ்சியதோடு குறும்பக்கத்தின் பாதியைக் கூட்டினால் செம்பக்கம் கிடைக்கும் என்பது அதன் பொருள். இருபடியும் வேண்டா, மூலமும் வேண்டா. பித்தாகோரசை வென்றுவிட்டோம் என்று கைதட்டல் எழுகின்றது. தமிழ்ப்பற்று உடையார் செய்ய வேண்டுவது கைதட்டல் அன்று, கணித்துப் பார்த்தல்.

பக்கங்கள் 4, 3 எனக் கொள்க. மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5, சரி. 12, 5 எனக் கொள்க. பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13, சரி. 15, 8 எனக் கொள்க. பதினேழேயரைக்கால் வருகின்றது, மெய்விடை 17. இனி 20, 1 எனக் கொள்க. விடை 18 என்று வருகின்றது. செம்பக்கம் நெடும்பக்கத்தினும் குறுகிவிட்டது! வகுப்பே சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் ஆசிரியர் கேட்கட்டும்: "எந்தெந்த வடிவங்களில் மட்டும் இது சரியாக வரும்?" நெடும்பக்கம் குறும்பக்கத்தைப் போல் "ம" மடங்கு எனக் கொண்டு, இவ்வாய்பாட்டையும் பித்தாகோரசின் தேற்றத்தையும் சமன்படுத்தினால் 15ம² − 56ம + 48 = 0 என்னும் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதன் தீர்வுகள் இரண்டே: மூன்றில் நான்கு, ஐந்தில் பன்னிரண்டு. ஆகவே 4க்கு 3, 12க்கு 5 என்னும் இரு வடிவங்களில் மட்டுமே அவ்வாய்பாடு முற்றும் பொருந்தும். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வடிவங்களில் நூற்றுக்கு ஒன்றினும் குறைவாகவே மிகும். கூரைக்கு மரம் அறுப்பவர்க்கு அவ்வளவு துல்லியம் போதும். மெல்லிய முக்கோணத்திற்கோ உதவாது.

இதனால் தமிழுக்கு இழிவு வந்ததா? இல்லை. கைக்கணக்கிற்கு ஏற்ற நல்ல தோராய வழி அது என்னும் உண்மையான பெருமை நிலைத்தது. பொய்ப்பெருமை மட்டும் கழிந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை தன் கையாலேயே ஒரு மேடைமுழக்கத்தை உரைத்துப் பார்த்துவிட்டது. அன்றைக்கு அப்பிள்ளை இருபடிச் சமன்பாடு எதற்கு என்று கேட்காது. எப்பொருளாயினும் மெய்ப்பொருள் காணும் அறிவே தமிழ்மரபு. அம்மரபைப் பயிற்றுதற்குக் கணக்கைப் போன்ற களம் வேறில்லை.

பிழை இழிவன்று

சுவரின் மூன்றாம் கல் அச்சம். அரையும் மூன்றில் ஒன்றும் கூட ஐந்தில் இரண்டு என்று ஒரு பிள்ளை எழுதிவிட்டது. சிவப்பு மையால் பெருக்கல் குறியிட்டு, "மண்டையில் என்ன இருக்கிறது?" என்று கேட்பது ஒரு முறை. "ஐந்தில் இரண்டு பெரிதா, அரை பெரிதா?" என்று கேட்பது மற்றொரு முறை. பிள்ளை சற்று எண்ணும். அரையோடு ஒன்றைச் சேர்த்த பின்னும் அரையினும் குறைந்து போயிற்றே என்று தானே நகைக்கும், தானே திருத்தும். முதன்முறை பிள்ளையைக் கணக்கினின்று துரத்துகின்றது. இரண்டாம்முறை, விடையைப் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டுவதில்லை, தானே சரிபார்க்கலாம் என்னும் விடுதலையைத் தருகின்றது.

அங்கேரி நாட்டில் பிறந்த கணக்கறிஞர் சியார்சு போலியா 1945 இல் வெளியிட்ட நூலில், ஒரு கணக்கைத் தீர்க்க நான்கு படிகளை வகுத்தார்: வினாவை விளங்கிக்கொள்ளல், வழி வகுத்தல், செய்து முடித்தல், திரும்பிப் பார்த்தல். தமிழ்நாட்டு வகுப்பறைகளில் பெரிதும் நடப்பது மூன்றாம் படி மட்டுமே. முதற்படிக்கு மொழி வேண்டும். நான்காம் படிக்கு அச்சமின்மை வேண்டும். இரண்டும் இன்மையால் பிள்ளை நடுப்படியில் தொங்குகின்றது.

இவ்விடத்தில் திண்ணைப் பள்ளிகளைப் பற்றியும் நடுநிலையோடு ஒரு சொல். எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று ஆகியவற்றை முறையாக ஓதி, நிலமும் நெல்லும் கூலியும் அளக்கும் ஆற்றலை அப்பள்ளிகள் தந்தன. அங்கு நினைவாற்றல் வெறும் கிளிப்பிள்ளைப் பாடமன்று. வாழ்க்கைக் கணக்கோடு பிணைந்தது. ஆயினும் பிரம்படி அங்கும் இருந்தது. பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளும் பெரும்பாலும் அத்திண்ணையில் ஏற விடப்படவில்லை. பழமையில் கொள்ளத்தக்கது அதன் பயிற்சி. தள்ளத்தக்கது அதன் பிரம்பும் வேலியும்.

ஆங்கிலவழி என்னும் மயக்கம்

2013-14 ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருமளவில் திறக்கப்பட்டன. பெற்றோரைக் குறை கூறிப் பயனில்லை. வேலையும் மதிப்பும் ஆங்கிலத்தின் பக்கம் குவிக்கப்பட்டிருக்கும்போது, பிள்ளையின் வாழ்வை எண்ணும் தாய் வேறென்ன செய்வாள்? ஆனால் அவள் அறிய வேண்டிய ஓர் உண்மை உண்டு.

ஆற்றில் படகு செல்லும் கணக்கு, உயர்நிலை வகுப்புகளில் நெடுங்காலமாக வழங்குவது. நீரோட்டத்தை எதிர்த்துச் செல்கையில் விரைவு குறையும். ஓட்டத்தோடு செல்கையில் மிகும். ஆற்றில் நீந்திய எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். அதே கணக்கு "அப்சுட்ரீம்", "டவுன்சுட்ரீம்" என்று வந்ததும் அவ்விரு சொற்களை அறியாத பிள்ளை கரையிலேயே நின்றுவிடுகின்றது. அது தவறியது கணக்கிலன்று, சொல்லில். மதிப்பெண் பட்டியலோ கணக்கில் தோல்வி என்று எழுதுகின்றது. பிள்ளையும் அதையே நம்பி, வாழ்நாள் முழுதும் "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லித் திரிகின்றது. இதைவிடப் பெரிய இழப்பு ஓர் இனத்திற்கு எது?

கல்வி தொடங்குதற்குத் தாய்மொழியே சிறந்த ஊடகம் என்று யுனெசுகோ 1953 இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. ஈழத்தில் பல்கலைக்கழகப் புகுமுகத்திற்கான உயர்தரக் கணக்குப் பாடங்களைத் தமிழ்ப்பிள்ளைகள் தமிழிலேயே பயின்று தேர்வெழுதுகின்றனர். யாழ்ப்பாணத்துக் கரோல் விசுவநாத பிள்ளை 19 ஆம் நூற்றாண்டிலேயே இயற்கணித நூலைத் தமிழில் யாத்தார். ஆகவே தமிழில் இயலுமா என்னும் கேள்விக்கு விடை எப்போதோ தரப்பட்டாயிற்று.

"இராமானுசன் ஆங்கிலவழியில் படித்தவர் அல்லரோ?" என்று சிலர் கேட்பர். அதே வழியில் அதே பள்ளியில் பயின்றோர் எத்துணையோ பேர், இராமானுசன் ஒருவரே. 1903 இல் அவர் கைக்குக் கிடைத்த கார் என்பாரின் தொகைநூலில் ஏறத்தாழ 5,000 முடிவுகள் இருந்தன; நிறுவல்களோ மிகச் சுருக்கம். அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. விடையை விழுங்காமல் வழியைத் தேடியதே அவரை உருவாக்கிற்று. அவ்வேட்கையை எழுப்பவல்ல வகுப்பறையே இற்றைப் பிள்ளைகளுக்கும் வேண்டும். அது கோடியில் ஒருவர்க்குப் பிறமொழியில் வாய்க்கலாம். ஊர்ப்பிள்ளைகள் அனைவர்க்கும் வாய்க்க வேண்டுமாயின் அவர்தம் மொழியில்தான் வாய்க்கும்.

செய்ய வேண்டுவன

முழக்கத்தோடு கலைந்து விடாமல் ஒவ்வொருவரும் ஒரு பணியை மேற்கொள்ளல் நன்று.

ஆசிரியர், புதிய பாடம் ஒவ்வொன்றையும் அதன் சொற்களை உடைத்துக் காட்டித் தொடங்குக. வாய்பாட்டை எழுதுமுன் "ஏன்" என்று ஒரு பிள்ளையாவது கேட்க இடம் தருக. கணக்கைத் தொடங்குமுன் வினாவைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லுமாறு பிள்ளையைப் பணிக்க.

பெற்றோர், "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்குமுன் "இன்று என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேட்க. எழுதப் படிக்க அறியாத தாயும் அரைக்கால்படி, காற்படி, முக்காற்படி என்று அளந்து காட்ட வல்லவளே. அவ்வளவையே பாடமாகட்டும்.

தமிழியக்க இளைஞர், மாலைப்பொழுதில் தத்தம் தெருவின் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் திண்ணையில் கூட்டுக. கத்தரியும் தாளும் கோலப்புள்ளியும் போதும். அத்திண்ணையில் எக்குலத்துப் பிள்ளைக்கும் இடம் இருக்கட்டும். பெண்பிள்ளைக்கு முதலிடம் இருக்கட்டும்.

அரசு, தமிழ்வழிப் பயின்றோர்க்கு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை என 2010 இல் இயற்றிய சட்டத்தை ஏட்டளவில் நிறுத்தாது முழுமையாக நிறைவேற்றுக. பாடநூல்களில் எஞ்சிநிற்கும் பொருளறியாச் சொற்களைக் களைந்து, விளங்கு சொற்களை ஈழத்தாரோடு கலந்து ஒருமைப்படுத்துக.

மொழிப்போர் தெருவில் மட்டும் நடப்பதன்று. ஒன்பதாம் வகுப்பில் கடைசி விசிப்பலகையில் அமர்ந்து, கரும்பலகையைப் பாராது தலைகவிழ்ந்திருக்கும் அந்த ஒரு பிள்ளை நிமிர்ந்து, "ஐயா, இது ஏன் இப்படி வருகின்றது?" என்று தன் தாய்மொழியில் கேட்கும் நாளே அப்போரில் வெற்றிநாள். அந்நாளை விரைந்து கொணர்வோம்.

எண்ணும் வாழ்க! எழுத்தும் வாழ்க! வெல்க தமிழ்!